என்னைப் பற்றிக் கெட்டதாகச் சொல்லுங்கள், மாமா

கேப் கோஸ்டில் வாழும் என் தாய்மாமா, குடும்பத்தின் தலைவர், மரியாதைக்குரிய எக்கோ அவர்களுக்கு,

அக்ராவிலிருந்து உங்கள் தங்கை மகள் அராபா தலைகுனிந்து எழுதுவது. அங்கே நீங்களும் அத்தையும் சுகமென்றும், உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கிறதென்றும் நம்புகிறேன். இங்கே நான் சுகம். எவ்வளவு நாளைக்கு என்பதுதான் இப்போது கேள்வி, அதற்காகத்தான் எழுதுகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். போனைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன். நடுவில் யார் காது வைத்துக் கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வேலைக்கு ஆள் சேர்த்துவிடும் கம்பெனியை நான் தொடங்கியபோது, "ஆள் புடிக்கிறதெல்லாம் ஒரு பொழப்பாடி?" என்று டாமே ஆட்டக் காயைப் பலகையில் ஓங்கி அடித்தீர்கள். பொழப்புதான், மாமா. லேசான பொழப்பு இல்லை. வேலை கேட்டு வருகிறவன் தன்னைப் பற்றித் தேனாகத்தான் சொல்வான், அதனால் அவன் முன்பு வேலை பார்த்த இடத்துப் பெரியவர் ஒருவருக்குப் போன் போட்டு விசாரித்துத்தான் எங்கேயும் அனுப்புவேன். அந்தப் பெரியவர்களில் பாதிப் பேர் பையனுடைய சித்தப்பா, மீதிப் பேர் குரலை மாற்றிப் பேசும் அதே பையன். இந்தக் கூட்டத்துக்கு நடுவே பொய்யே சொல்லாத ஒரு மனிதர் கிடைத்தார். ஆடோட்டே என்று பெயர், டெமா துறைமுகத்தில் ஒரு கிடங்குக்கு மேலாளராக இருந்தவர். "எலிக்கெமா? தங்கமான பய. திருட மாட்டான். ஆனா மதியம் சாப்பிட்டான்னா பாட ஆரம்பிச்சிருவான், நிறுத்த முடியாது" என்பார். எலிக்கெமை அனுப்பிய மறுவாரமே அந்த இடத்திலிருந்து பாட்டைப் பற்றிப் புகார் வந்தது. அவர் சொல் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. ஒரே குறை, பேசும்போது பல் கிடுகிடுக்கும். "இங்க குளிரு தாங்கல மகளே. கொஞ்சம் கொறைங்கடான்னா ஒருத்தனும் காதுல வாங்க மாட்டேங்கிறான்." ஏசியைச் சொல்கிறார் என்று நினைத்து, கனமாக ஏதாவது உடுத்திக்கொள்ளுங்கள் அய்யா என்று அக்கறையாகச் சொன்னேன். "அத வீட்டுல முடிவு பண்ணணும். எத உடுத்தறதுன்னுதான் அங்க சண்டையே" என்றார். பெரிய குடும்பம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

என் பொழுதுபோக்கு உங்களுக்குத் தெரியாததில்லை. சனிக்கிழமையானால் யாராவது ஒருவருடைய அடக்கம். அதுவும் எனக்கு வேலைதான், ஏனென்றால் ஊரிலுள்ள முதலாளிகள் எல்லாம் கறுப்பும் சிவப்பும் உடுத்தி ஒரே பந்தலில் சும்மா உட்கார்ந்திருப்பது வேறு எங்கே கிடைக்கும்? போன சனிக்கிழமை, மீன் குளிர்கிடங்கு வைத்திருக்கும் ஒரு பெரிய புள்ளி வருகிறார் என்று கேள்விப்பட்டு டெஷியில் ஒரு பந்தலுக்குப் போனேன். இறந்தவர் யார் என்று கேட்கவில்லை. நம்மில் யார்தான் கேட்கிறோம்? வரிசையாக எல்லாருக்கும் கை கொடுத்தேன், ஜொல்லோஃப் சோறு வாங்கினேன், கோழிக்காலைக் கடித்துக்கொண்டே நிமிர்ந்து பந்தலில் தொங்கிய பெரிய படத்தைப் பார்த்தேன். படத்துக்குக் கீழே ஆடோட்டே என்று பெயர், டெமா கிடங்கு மேலாளர் என்று போட்டிருந்தது. பக்கத்து நாற்காலி அம்மாளிடம் எப்போது தவறினார் என்று கேட்டேன். "அது ஆச்சு, ஈஸ்டருக்கும் முன்னாடி. மழைக்காலம் முழுக்கப் பொணவறை ஃபிரிட்ஜுலதான் கெடந்தாரு, பாவம். எந்தத் துணிய உடுத்திப் பொதைக்கிறதுன்னு ரெண்டு பக்கமும் மல்லுக்கட்டு. இப்பத்தான் ஒரு முடிவுக்கு வந்தாங்க" என்றாள். அந்த வாரம் வியாழக்கிழமை நான் அவரோடு பேசியிருந்தேன், மாமா. சிரித்துப் பேசியிருந்தேன்.

கையைக் கழுவக்கூட இல்லை, போன் அடித்தது. "கோழி நல்லாருக்கா? உப்பு கம்மின்னு எம் பொண்டாட்டிய திட்டிக்கிட்டிருக்காங்க" என்றது அந்தக் குரல். பந்தலில் பேண்டு வாத்தியம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அதே வாத்தியம் போனுக்குள்ளும் கேட்டது, ஆனால் போனுக்குள் ஒரு தாளம் முன்னாலேயே கேட்டது. கோழிக்காலைத் தட்டில் திரும்ப வைத்தேன். அவர் பாட்டுக்குப் பேசினார்.

"இன்னைக்கு எடம் மாறுறேன் மகளே. இனிமே குளிராதாம். போற எடத்துல ஆள் எடுக்கறாங்க. கும்பல் கும்பலா வந்து நிக்குது, யார எங்க உக்கார வைக்கிறதுன்னு பாக்க ஒரு ஆள் இல்ல. ஒம் பேரச் சொல்லிட்டேன்."

"என்னன்னு சொன்னீங்க அய்யா?"

"எனக்கு உள்ளதத் தவிர வேற சொல்ல வராதே. ராப்பகலா ஒழைப்பா, லீவே போட மாட்டாள்னேன். அவங்களுக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு. ஒங் குடும்பத்துல ஒன்ன நல்லாத் தெரிஞ்ச பெரியவர் ஒருத்தர் பேரு வேணுமாம்."

மாமா, என்னை மன்னித்துவிடுங்கள். அந்தக் கேள்வியை யார் கேட்டாலும் என் வாய் தானாகப் பதில் சொல்லிவிடுகிறது, தொழில் புத்தி அப்படி. உங்கள் பெயரையும் நம்பரையும் கொடுத்துவிட்டேன். நம்பரைத் திருப்பிச் சொல்லும்போது அவர் ஓரிடத்தில் தப்பாகச் சொன்னார், அதையும் நானே திருத்தினேன்.

அன்றிலிருந்து சோம்பேறியாகப் படாத பாடு படுகிறேன். வெயில் ஏறிய பிறகு ஆபீசுக்குப் போனேன். எனக்குக் கீழே வேலை பார்க்கும் பேஷன்ஸ் கதவிலேயே நின்று, "மேடம், யாராச்சும் செத்துட்டாங்களா?" என்றாள். இன்னும் இல்லை என்றேன். மதியம் கதவைச் சாத்திவிட்டு, எதிரே கெங்கே மாவுருண்டையும் பொரித்த மீனும் விற்கிற அக்காவோடு ஓவாரே ஆட உட்கார்ந்தேன். குழிக்குழியாய் விதை போட்டு ஆடி முடிப்பதற்குள் அவள் கொழுந்தனை ஒரு பிஸ்கட் கம்பெனியில் ஓட்டுநராகச் சேர்த்துவிட்டிருந்தேன். கடற்கரைக்குப் போய்ச் சும்மா படுத்தேன், அங்கே இரண்டு பேர் வேலை கேட்டார்கள். எனக்கு இந்த வேலையைத் தவிர ஒன்றும் தெரியாது என்பது சாகப் பயந்து உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்கே தெரிகிறது. பயமாக இருக்கிறது, மாமா. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இன்னும் கொஞ்ச நாள் இருக்க வேண்டும் போலிருக்கிறது.

ஆகையால் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பல் கிடுகிடுக்காத, நல்ல கதகதப்பான குரலில் யாராவது என்னைப் பற்றிப் போனில் விசாரித்தால் தயவுசெய்து புகழ வேண்டாம். சின்ன வயதில் சூப்பிலிருந்து கறியைத் திருடித் தின்றவள் என்று சொல்லுங்கள். பெரியவர்களை எதிர்த்துப் பேசுகிறவள், வாக்குக் கொடுத்தால் வர மாட்டாள், ஒரு வேலைக்கும் லாயக்கில்லாதவள் என்று சொல்லுங்கள். இத்தனை வருஷம் என் முகத்துக்கு நேராகச் சொன்னதை அவரிடமும் ஒரு தடவை சொல்லுங்கள், அது போதும்.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் டாமே நண்பர்களுக்கு வணக்கம். கடவுளும் நம் முன்னோர்களும் உங்கள் முழங்காலைக் காக்கட்டும், உங்கள் நாக்கை மட்டும் காக்காமல் அதன் போக்கில் விடட்டும்.

இப்படிக்கு,
உங்கள் உதவாக்கரை மருமகள்,
அராபா

பி.கு.: உறையை ஒட்டப்போன நேரத்தில் ஆடோட்டே கூப்பிட்டார். "மன்னிச்சுக்க மகளே. ஒன்னப் பத்தி நல்லா யோசிச்சுப் பாத்தாங்க. வேற ஆள எடுத்துட்டாங்க." வேலை கிடைக்காத எத்தனையோ பேரிடம் நான் சொன்ன அதே வார்த்தை. பேஷன்ஸைக் கட்டிப்பிடித்து ஆடினேன். ஆடி முடித்துத்தான் யாரை எடுத்தார்கள் என்று கேட்டேன். "ஒம் மாமாவத்தான். விசாரிக்கலாம்னு நேத்துப் பேசினோம். 'அவ எதுக்கும் ஒதவ மாட்டா, அவள விட்டுடுங்க. ஆள்தான் வேணும்னா நான் வரேன், முழங்கால் வலிய மட்டும் பொறுத்துக்குங்க'ன்னாரு. நல்ல மனுசன்" என்றார்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, நானே கொண்டுவருகிறேன். கேப் கோஸ்ட் வண்டியில் உட்கார்ந்து, மடியில் வைத்துத்தான் இந்தப் பகுதியை எழுதுகிறேன், எழுத்துக் கோணியிருந்தால் ரோட்டைத் திட்டுங்கள். நான் வந்து சேரும்வரை நீங்கள் கிளம்பாமலிருக்க வேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வருகிறேன். மறுபடி அவர்கள் கூப்பிட்டால், உங்களைப் பற்றி விசாரிக்க என் நம்பரைக் கொடுங்கள். டாமேயில் காய் திருடுகிறவர், சர்ச்சில் குறட்டை விடுகிறவர், சொன்ன பேச்சு கேட்காதவர் என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். உங்களைப் பற்றி ஒரு நல்ல வார்த்தைகூட என் வாயிலிருந்து வராது.