ஓடிபி காத்த காதை

மறதி என்னும் மதயானையின் மத்தகம் பிளக்கப் புறப்பட்ட மாவீரரே, ஏழாம் வகுப்புக் கணக்காசிரியரே, சாய்ந்த மூக்குக்கண்ணாடியின் தனிப்பெருந் தலைவரே, வாழி! நும் புகழ் பாடும் எம் நாவிலும் எண்கள் இடறாதிருக்க!

போர்க்காரணம் கேண்மின். கடல்மேல் ஊர்ந்து செல்லும் ரயிலில் எஞ்சியவை இரண்டே இருக்கைகள். மணநாள் தொட்டு மனையாள் கேட்டுவரும் பயணம் அது. பணம் கட்டும் கணினி நின்றதோ முன்னறையில். ரகசிய எண்ணாம் ஓடிபி வந்திறங்கும் செல்போனோ, வீட்டிலேயே காலியாய்க் கிடந்த ஒரே பிளக் பாயின்ட்டைப் பற்றிக்கொண்டு சமையலறையில் சார்ஜ் ஏறிக் கிடந்தது. சென்ற வாரமும் இதே வழியில்தான் ஓடினார். நடுவழியில் மூன்றை எட்டாக்கினார். இருக்கைகள் பறிபோயின. மனைவியின் உப்பில்லாச் சாம்பார் வியாழன்வரை நீடித்தது.

"ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக்கிட்டு ஓடுங்களேன்" என்றாள் மனைவி.

"எழுதுறதா? கணக்கு வாத்தியாரா? மூளையை முதல்ல சூடேத்திட்டா ஆறு நம்பர் என்ன, அறுபதும் நிக்கும். வாரப் பத்திரிகையிலயே போட்டிருக்கான்!" எனச் சூளுரைத்தார் வீரர்.

"சூடேத்துறதுக்குள்ள ரயில் கிளம்பிடப் போகுது மாப்பிள்ளை" என்றது சோபாவில் வீற்றிருந்த மாமியார் குரல்.

வீரர் செவிமடுக்கவில்லை. பதின்மூன்றாம் வாய்ப்பாட்டை ஏறுமுகமாய் முழங்கி, இறங்குமுகமாய் உருட்டி, மாதங்களைப் பங்குனியிலிருந்து பின்னோக்கி ஓட்டி, வகுப்பின் வருகைப் பதிவை வாலிலிருந்து தலைவரை ஒப்பித்து, சாணை பிடித்த வாளென மூளை மின்ன, கணினியில் பொத்தானை அமுக்கிச் சமையலறைக்குப் பாய்ந்தார்.

டிங்!

கம்பியின் பிடியிலிருந்து செல்போனைப் பறித்து, எண்களை விழிகளால் பருகினார். நான்கு, ஏழு, பூஜ்யம், ஒன்பது, ஒன்று, எட்டு! ஆறு யானைகளை ஒரே சங்கிலியில் பிணித்தவராய்ப் புயலெனத் திரும்பினார்.

விட்டதா பகை?

"ஏங்க, குக்கர் எத்தனை விசில் வந்துச்சு?" மனைவி எய்த முதற்கணை, காதோரம் சீறிப் போனது.

"அப்பா, எட்டேழு எவ்வளவு?" மகள் எறிந்தது வேல். ஐம்பத்தாறு தொண்டைக்குழிவரை எழுந்தது. பல்லைக் கடித்து விழுங்கினார் வாத்தியார். தொழில் தர்மமும் பார்க்கவில்லை.

"மாப்பிள்ளை, மணி என்ன?"

"நாலு ஏழு பூஜ்யம்!"

"நாலு ஏழா? விளக்கு வெச்சு எவ்வளவு நேரமாச்சு!"

வீரர் நிற்கவில்லை. நாற்காலியில் விழுந்தார். விரல்கள் ஆறு முறை விசைப்பலகையை அறைந்தன. திரை ஒருகணம் மூச்சடக்கியது. பின்பு பச்சை நிறத்தில் மலர்ந்தது.

வெற்றி! இருக்கைகள் இரண்டும் கைவசம்! கரண்டியோடு ஓடிவந்த மனையாளின் முகம் முழுநிலவானது, மகள் கைகொட்டினாள், வாகை சூடிய வாத்தியார், நினைவாற்றல் நெற்றியில் ஒளிர எழுந்து நின்று, "பார்த்தீங்களா அத்தை?" எனக் கர்ஜித்த அந்த வேளையில், டிக்கெட் உறுதியான செய்தி டிங் என்று வந்து சேர்ந்தது.

ஓட்டம் முழுதும் போன் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.