மூன்று அறைகளும் ஒரு டோக்கனும்

படித்தவர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வதற்கென்றே வில்லியனூரில் ஒருவர் பிறந்திருந்தார் என்றால், அது எங்கள் டோக்கன்தான். பெற்றோர் வைத்த பெயரை யாரும் கேட்டதில்லை. மனநல ஆலோசகர்கள் மூன்று பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்த மாடியில், வருகிறவர்களுக்கு எண் எழுதிய அட்டை கொடுப்பது அவர் வேலை. பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டித்தான் அட்டை செய்வார். வாழ்க்கையே வெறுத்துப்போனேன் என்று என்னிடம் அழ வந்தவர்கள் கையில் அரைப் பிள்ளையாரோடு உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த மூன்று பேரில் நான் ஒருவன். எல்லாவற்றுக்கும் வேர் சின்ன வயதில் இருக்கிறது என்பது என் கட்சி. எதிர் அறைக்காரர், தப்பான நினைப்பைத் தாளில் எழுதித் திருத்தச் சொல்வார். மூலை அறை அம்மா கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொல்வார். மற்ற இரண்டும் ஏமாற்று வேலை என்பதில் மட்டும் மூவருக்கும் ஒரே கருத்து. எதிர் அறைக்காரரோடு நான் பேசி மூன்று வருடம் ஆகியிருந்தது.

டோக்கனிடம் ஒரு கெட்ட பழக்கம். அறையை விட்டு வெளியே வருகிறவரை மறித்து, "அடுத்த வாரத்துக்குள்ள இன்னா செய்யப் போற?" என்பார். பதில் சொன்னால்தான் அடுத்த டோக்கன். நான் ஒரு மணி நேரம் பக்குவமாகப் பேசி அனுப்பியவரை இவர் யார் ஐயா மறிக்க? எத்தனை முறை கத்தியிருப்பேன்! காதில் போட்டுக்கொண்டால்தானே.

இந்த நிலையில் வேலு வந்தான். சேதராப்பட்டு தொழிற்சாலையில் பிரஸ் மெஷினில் இரண்டு விரலைப் பறிகொடுத்தவன். காயம் ஆறிவிட்டது. ஆனால் கம்பெனி கேட்டைப் பார்த்தாலே உடம்பு நடுங்கித் திரும்பிவிடுவான். மாதக் கடைசித் திங்களன்று வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு வாரமாக அவனுடைய அப்பாவைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் வாரம் டோக்கன் அவனை எதிர் அறைக்கு அனுப்பிவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை! மறுநாள் மூலை அறைக்கு.

கெடு முடிந்த மறுநாள் செவ்வாய்க்கிழமை வேலு ஸ்வீட் பாக்ஸோடு வந்தான். வேலைக்குப் போய்விட்டானாம். உடனே வராந்தாவில் சண்டை. என் வைத்தியம்தான் என்றேன். என் தாள்தான் என்றார் எதிர் அறைக்காரர். மூச்சை மறந்துவிட்டு மூலை அறை அம்மாவும் கத்தினார்.

வேலு நெளிந்தான். "உங்ககிட்டதான் சார் மொதல்ல வாய் தொறந்தேன். அந்த சார்கிட்ட எழுதுனேன். மேடம்கிட்ட கண்ண மூடிப் பாத்தேன். எல்லாம் அந்த மெஷினத்தான். அப்புறம் போய்த்தான் பாப்பமேன்னு இருந்திச்சி. கேட்டு வரிக்கும் டோக்கன் அண்ணன் கூட வந்தாரு."

டோக்கன் மேல் எனக்கு வந்ததே கோபம். "யோவ், எந்த சிகிச்சை எதுன்னு உனக்கு என்னய்யா தெரியும்?"

"உள்ள இன்னா நடக்குதுன்னு தெரியாது சார். வெளிய வர்ற மூஞ்சி தெரியும். எந்த ரூமா இருந்தாலும் தேறுறவன் ஒரே மாதிரிதான் தேறுறான். யாரோ ஒருத்தர நம்புறான். ஒளிச்சி வெச்சத எடுத்துப் பாக்குறான். பயந்தத ஒரு தபா செஞ்சி பாக்குறான். தேறாதவன் மூணு ரூமுலயும் பேசிட்டு மட்டும் போறான்."

என் பத்து வருடப் படிப்பை இந்த மனிதர் நாலு வரியில் முடித்துவிட்டார்! வேலையை விட்டே தூக்குகிறேன் என்று சபதம் செய்துகொண்டு மாலையில் கிளம்பினால், படியில் என்னையே மறித்தார்.

"அந்த சாரு கதவு தொறந்தா தலைய திருப்பிக்கிறீங்களே, மூணு வருசமா. இன்னா செய்யப் போறீங்க?"

"நாளைக்கு அவரோட டீ குடிக்கிறேன். போதுமாய்யா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

அரைப் பிள்ளையார் போட்ட ஒரு அட்டையை நீட்டினார்.

குடித்தேன். இப்போது சனிக்கிழமைதோறும் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து, தேறாதவர்களைப் பற்றி ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறோம். டோக்கன் பாகூரில் உள்ள மகள் வீட்டோடு போய்விட்டார். கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை. ஆனால் அந்த அரைப் பிள்ளையார் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில்தான் இருக்கிறார். அடுத்த டோக்கன் கொடுக்கத்தான் ஆள் இல்லை.