ஈஸ்ட் பத்தல

எங்க வீட்டுக்காரர் மணிகண்டபிரபு வல்லக்கோட்டை முருகன் கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் செய்தார். இனிமேல் கடைக்குப் போக மாட்டாராம். எந்தக் கடை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடைக்குப் போக மாட்டேன் என்றாரே தவிர, குடிக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. அந்த ஓட்டையை நான் கவனிக்கவில்லை. முருகனும் கவனித்த மாதிரி தெரியவில்லை.

அடுத்த வாரமே படப்பையில் எங்கள் ஒற்றை ரூமுக்குள் ஒரு பெரிய கேன் வந்தது. தண்ணி கேன் என்றார். யோசித்துப் பார்த்தால், அதில் பொய்யே இல்லை.

கம்பெனியில் பெயிண்ட் ஷாப் சூட்டில் நின்று நின்று கல்லடைப்பு வரும்போல இருக்கு, பார்லிக் கஞ்சி காய்ச்சிக் குடிக்கணும் என்றார். ஒரு நாளும் அடுப்பைப் பற்ற வைக்காத மனுசர், என்னை வெளியே உட்கார வைத்துவிட்டு அண்டாவில் தானே காய்ச்சினார். கஞ்சிக்கு நான் போடுவதைப் போல பார்லியும் இரண்டு மடங்கு, சர்க்கரையும் இரண்டு மடங்கு. கஞ்சிக்கு இவ்வளவு சர்க்கரையா என்று கேட்டேன். கல்லைக் கரைக்க வேண்டாமா என்றார். எல்லாவற்றையும் ஆற வைத்துக் கேனில் ஊற்றி, கட்டிலுக்கு அடியில் தள்ளி, என் பழைய சேலையைப் போர்த்தினார். பிள்ளைக்குக்கூட அப்படிப் போர்த்தியதில்லை.

பிறகு தினமும் குனிந்து கேனில் காதை வைத்துக் கேட்பார். முகம் வாடிப்போகும். ஒரு நாள், தன்னோடு வேலை பார்க்கும் லோகேஷுக்குப் போன் போட்டு, வாசலில் நின்று மெதுவாகப் பேசினார். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஹை கிராவிட்டி மாப்ள. இவ்ளோ பெருசுக்கு ஈஸ்ட் பத்தல. ரெண்டு மடங்கு வேணும்."

எனக்குக் கையில் இருந்த துணி நழுவிவிட்டது. நான் ஆறாவதோடு நின்றவள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம், படப்பையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கையில் திணிப்பார்களே, மனை விற்கிற நோட்டீஸ், அதில் படித்ததுதான். ஈஸ்ட் ஃபேசிங். நார்த் ஃபேசிங். கிராவிட்டி என்றால் மேடு போல, மழைக்குத் தண்ணீர் நிற்காது என்று நானே அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

ஒரு விஷயம் சொல்லணும். எங்கள் ரூமில் ஆணி அடிக்க ஓனர் விட மாட்டார். பிள்ளை இனியவனுக்குத் தூளி கட்ட ஒரு கொக்கி கிடையாது. மடியில் போட்டு ஆட்டி ஆட்டி என் காலே தூளியாகிவிட்டது. வாடகை ரூமில் இருந்துகொண்டு இவரை வீட்டுக்காரர் என்று சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கும்.

"ஏங்க, மனையா பாக்கீங்க?" என்று கேட்டேன்.

அவர் திடுக்கிட்டார். என்னைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பிறகு ஒரு சிரிப்பு சிரித்தார்.

"கண்டுபிடிச்சிட்டியே ஏட்டி. மனைதான். ஈஸ்ட் பக்கம் கொஞ்சம் பத்தல. நீ யார்ட்டயும் சொல்லாத."

சொல்லவில்லை. பக்கத்துப் போர்ஷன் ஜோதியக்காவிடம் மட்டும் சொல்லலாம் என்று மறுநாள் போனேன். அக்காவின் வீட்டுக்காரர் எல்லப்பன் அண்ணன் மனை புரோக்கர். அக்கா பன் செய்ய மாவு பிசைந்துகொண்டிருந்தது. நான் வாயைத் திறக்கும் முன்னே, கடைக்குப் போய் ஈஸ்ட் வாங்கி வா என்றது. திசையைப் போய் எப்படி அக்கா வாங்குவது என்று சிரித்தேன்.

"இன்னாடி பேசற. ஈஸ்ட்டுன்னா பொடி. பாக்கெட்ல கீது. பன்னுக்கும் போடுவாங்க, பீருக்கும் போடுவாங்க. சக்கரை ஜாஸ்தியானா இதுவும் ஜாஸ்தி போடணும். கம்மியா போட்டா புளிக்காது, சும்மா சக்கரைத்தண்ணியா நிக்கும்."

வீட்டுக்கு வந்து கேனைத் திறந்து மோந்தேன். அப்புறம் மூடி, சேலையை முன்னே இருந்த மாதிரியே போர்த்திவிட்டேன்.

எனக்குச் சண்டை போட வராது. அழத்தான் வரும். அதனால் சங்கரன்கோவிலுக்குப் போன் போட்டு அப்பாவிடம், உங்க மாப்பிள்ளை மனை பார்க்கிறார், ஈஸ்ட் ஒண்ணுதான் பத்தலையாம் என்றேன். எங்கப்பா ஆறுமுகநயினார் போனிலேயே மூக்கை உறிஞ்சினார். ஆடு விற்ற காசை மடியில் கட்டிக்கொண்டு சனிக்கிழமை காலையிலேயே வந்து இறங்கிவிட்டார்.

அந்தச் சனிக்கிழமைதான் இவர் தண்டலம் போய் இன்னும் கொஞ்சம் ஈஸ்ட் வாங்குவதாக இருந்தார். எங்கே போக. நாள் முழுக்க அப்பாவுக்கும் எல்லப்பன் அண்ணனுக்கும் நடுவில், கல் நட்ட மனைகளை வெயிலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை, முன்னமே சொல்லிவைத்தபடி, லோகேஷ் வறுத்த கடலையோடு வந்தார். அப்பாவைப் பார்த்ததும் கடலையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். நான் கட்டிலுக்கு அடியிலிருந்து கேனை இழுத்தேன். இவர் வேண்டாம் வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினார். கல்லைக் கரைக்கிற கஞ்சி அப்பா, உங்க மாப்பிள்ளையே காய்ச்சினது என்று ஆளுக்கொரு தம்ளர் கொடுத்தேன்.

"பானகம் கணக்கா இருக்கு மாப்ளே" என்று அப்பா இரண்டாவது தம்ளர் கேட்டார்.

லோகேஷ் ஒரு வாய் குடித்துவிட்டு இவர் காதோரம் குனிந்தார். "மச்சான், இத்த கொயந்தைக்கே குடுக்கலாம்."

சாயங்காலம் எல்லப்பன் அண்ணன் பேப்பரோடு வந்தார். அட்வான்ஸ் அப்பா கொடுப்பது, மீதிக்கு இவர் லோன் போடுவது என்று பேச்சாகிவிட்டது. மாமனார் முன்னால் இவர் என்ன சொல்ல முடியும், நான் பார்த்தது மனை இல்லை, பீர் என்றா? கடைசியில் ஈஸ்ட்டா வெஸ்ட்டா என்று அண்ணன் கேட்டார். இவர் ஈனக்குரலில், வெஸ்ட்டே போதும், விலை கம்மி என்றார்.

ஆம்பிளைகள் நடுவில் நான் பேசுவதில்லை. இவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"ஈஸ்ட்டாவே எடுங்க. கேன்ல பத்தாததை இதுல பாத்துக்கிடலாம்."

வீட்டுக்காரர் பேனா கேட்டார்.