கண்ணாத்தாள் நிலத்தின் அகலம்

வருவாய் ஆய்வாளர் இராஜாங்கம் அரசாணைக்கு மாறாகத் தும்மக்கூட மாட்டார் என்பது வடகரைநல்லூர் முழுவதும் அறிந்த செய்தி. உச்சவரம்புச் சட்டத்தின்படி பண்ணையாரிடமிருந்து மீட்ட உபரி நிலத்தில் ஒரு மா, அதாவது நூறு குழி (ஒரு கோல் சதுரம் ஒரு குழி), நடவாள் கண்ணாத்தாளுக்கு என்று முடிவாகியிருந்தது. வாய்க்காலோரமாக நீளம் இருபது கோல் அளந்தாயிற்று. அகலத்தை அளக்கவேண்டிய வரப்பில் பண்ணையாட்கள் தடியுடன் நின்றமையால், அதனை மின்விசிறிக்கடியில் அமர்ந்தே கண்டறிய ஆய்வாளர் திருவுளம் கொண்டார். படிவத்தில் அகலத்துக்கான கட்டம் நிரம்பாமல் பட்டா இல்லை.

"இருபது பொம்பளைக்கு நூறு முடி நாத்துன்னா ஆளுக்கு அஞ்சுங்க. அதுமாதிரி அகலம் அஞ்சு கோலுங்க" என்றாள் கண்ணாத்தாள்.

"நாத்துக் கணக்கெல்லாம் வயலோட வச்சுக்க."

அவர் அரசாணையை விரித்தார். 'ப = நீ × அ' என்றிருந்தது. பரப்பு, நீளம், அகலம் ஆகியவற்றுக்கு இந்தத் தனித்தமிழ் எழுத்துகளைத் தேர்ந்தெடுக்கவே தலைநகரில் ஒரு குழு பதினொரு மாதம் அமர்ந்து, பொன்னாடை போர்த்திக்கொண்டு எழுந்திருந்தது.

"பாரும்மா. பரப்பு தனியா நிக்குது. அகலம் நீளத்தோட சேர்ந்து நிக்குது. அகலத்தைத் தனியா நிறுத்தச் சொல்லி எங்க போட்டிருக்கு?"

"போடலைன்னா அது அஞ்சு இல்லாமப் போயிடுமாங்க?"

"போடற வரைக்கும் அது 'அ'தான்."

விளக்கம் கோரி மேலிடத்துக்குக் கோப்பு போயிற்று. இரண்டு குறுவை அறுவடை கடந்தபின் ஆணை வந்தது: 'அகலத்தைத் தனிமைப்படுத்த அனுமதிக்கப்படுகிறது. சமத்துவக் கொள்கைக்கு ஊறு நேராவண்ணம் இரு பக்கங்களும் நீளத்தால் வகுக்கப்படுக.'

எதற்கும் விழா எடுப்பது வழக்கமாகிவிட்ட காலம். பந்தல் போட்டார்கள். பாபநாசத்திலிருந்து வந்த பேச்சாளர் இரு பக்கச் சமத்துவம் பற்றி முக்கால் மணி நேரம் முழங்கினார். ஊரே கைதட்டியது, கண்ணாத்தாளும் தட்டினாள். பிறகு இராஜாங்கம் பட்டாவைப் படித்தார்: நீளம் ஒன்று, அகலம் ஐந்து, பரப்பு ஐந்து குழி.

"நூறு குழி எங்கங்க ஐயா?"

"ரெண்டு பக்கத்தையும் இருபதால வகுத்தாச்சு. இருபது ஒண்ணாச்சு, நூறு அஞ்சாச்சு. ஓரஞ்சு அஞ்சு. தப்பு இருந்தாச் சொல்லு."

"மிச்சம் தொண்ணூத்தஞ்சு?"

"மிச்சமே வரலையேம்மா. சரியா வகுபட்டுடுச்சு."

எந்தத் தாளிலும் இல்லாத அந்தத் தொண்ணூற்றைந்து குழி, பண்ணையாரிடமே இருந்துவிட்டது.

சம்பா நடவு வந்தது. இராஜாங்கத்தின் சொந்த வயலுக்கு இருபது பெண்களும் நூறு முடி நாற்றும் பேசியிருந்தார். கண்ணாத்தாள் மட்டும் வந்தாள். ஐந்து முடியை ஒரு மூலையில் நட்டுவிட்டு, வாய்க்காலில் கை கழுவினாள்.

"மத்தவளுக எங்க? மிச்ச நாத்தை எவ நடுவா?"

"ரெண்டு பக்கத்தையும் இருபதால வகுத்துட்டோமுங்க. இருபது பேரு ஒருத்தியாச்சு, நூறு முடி அஞ்சாச்சு. ஓரஞ்சு அஞ்சு. தப்பு இருந்தாச் சொல்லுங்க."

இராஜாங்கம் தாசில்தாருக்கு எழுத்துமூலம் முறையிட்டார். பதில் வியக்கத்தக்க விரைவில் வந்தது: 'கணக்கு சரிபார்க்கப்பட்டது. தங்கள் முன்மாதிரியே பின்பற்றப்பட்டுள்ளது. பாராட்டுகள்.'

ஆய்வாளரின் நாற்று வரப்பிலேயே பழுத்து வாடியது. கண்ணாத்தாள் பிறர் வயலுக்கு நடவுக்குப் போனாள். இந்தக் கணக்கில் சிக்கிய மூவரில் அவ்வாண்டு சம்பா செழித்தது பண்ணையாருக்கு மட்டுந்தான். அவர் கணக்கே படித்ததில்லை.