நாலு மூலையிலயும் மஞ்சள்

"இது கறியா?" எண்டு கேட்டா கனடாக் கோட்டுக் கவுண்டருக்கு அங்கால இருந்த கிளார்க் கிளடிஸ்.

வீட்டில இங்கிலிஷ் ஒழுங்காக் கதைக்கிறது பதினாறு வயசு ரஞ்சி மட்டும்தான். அதால பள்ளிக்கூடத்துக்குக் கள்ளம் அடிச்சுட்டு அம்மா நாகேஸ்வரியோட அவள்தான் வந்து நிக்கிறாள். அப்பா இராசதுரை ஜனவரியில போய்ச் சேர்ந்தவர். சொத்து ஆருக்கெண்டு அவர் எழுதின மரணசாதனத்தைக் கோட்டு ஏற்றுக்கொண்டாத்தான் மோர்னிங்சைட் வீடு அம்மாட பேருக்கு வரும். இப்ப எண்பத்தேழு ஜூன். இன்னும் ஏற்றபாடில்ல.

இந்த நேரம் பார்த்து, அந்த மரணசாதனத்திட நாலு மூலையிலயும் பளிச்செண்டு மஞ்சள்.

பூசினது அப்பாட தங்கச்சி, தங்கேஸ்வரி மாமி. காலமை ஒரு சண்டையே நடந்தது.

"செத்த வீட்டுக் கடதாசிக்கு ஆரும் மஞ்சள் பூசுவாங்களா மச்சாள்?" எண்டா அம்மா.

"செத்தது அண்ணன் மச்சாள். வீடு சாகல்லயே! இது வீட்டுக் கடதாசி."

அம்மா கடதாசியைப் பைக்குள்ள வைச்சுட்டா.

அப்பா இருந்திருந்தா துள்ளியிருப்பார். வீட்டு உறுதிப் பத்திரத்துக்கு மாமி மஞ்சள் பூசி, பாங்க் மனேஜர் மூக்கைப் பொத்தின நாளில இருந்து அவருக்கு மாமியில நம்பிக்கை இல்ல. பால் பெட்டியையும் கழுவிப்போட்டு பிரிஜ்ஜில வைக்கிற அம்மாவிலயும் இல்ல. "கடதாசியில குத்தின பின்னைக் கழட்டாத புள்ள" எண்டு ரஞ்சிக்கும் ஆயிரம் தரம் சொன்னவர்.

"கறி இல்ல மேடம்," எண்டாள் ரஞ்சி. "அது... லக்."

"லக்?" கிளடிஸ் கண்ணாடியை இறக்கினா. "அப்ப இந்த ஓட்டை?"

பின் குத்தின இடத்தில ரெண்டு ஓட்டைதான் இருக்கவேணும். நாலு இருந்தது. லைப்ரரியில போட்டோக்கொப்பி அடிக்கப் பின்னைக் கழட்டி, திரும்பக் குத்தினது ரஞ்சி. உலகத்தில ஒருத்தருக்கும் தெரியாது.

"ஆரோ ஒரு பக்கத்தை மாத்தியிருக்கலாம் எண்டு ஜட்ஜ் நினைப்பார்," எண்டா கிளடிஸ். "ஓட்டைக்கு ஒரு சத்தியக் கடதாசி, மஞ்சளுக்கு ஒரு சத்தியக் கடதாசி கொண்டு வாங்க. வேற மரணசாதனம் எங்களிட்ட இருக்கா எண்டு மார்ச்சில இருந்து தேடுறம். இராசதுரை எண்டு ஒண்டும் இல்ல."

"என்னவாம்?" எண்டா அம்மா.

"மஞ்சள் சரியில்லயாம்," எண்டாள் ரஞ்சி. ஓட்டையை விழுங்கிட்டாள்.

அதுதான் பிழைச்சுது. வீட்டுக்கு வந்து ரஞ்சி சப்பாத்துக் கழட்டுறதுக்குள்ள அம்மா மரணசாதனத்துக்குச் சவுக்காரம் போட்டுக் கழுவத் தொடங்கிட்டா.

"அம்மா!"

"மஞ்சள்தானே பிரச்சினை? இந்தா, போகு..."

போகல்ல. மஞ்சளில சவுக்காரம் பட்டதும் நாலு மூலையும் ரத்தச் சிவப்பு.

"ஐயோ, கொலைக் கேஸ் மாதிரிக் கிடக்கு!" எண்டு மாமி ஓடிவந்தா. "தேசிக்காய்ப் புளி விடு, தேசிக்காய்!"

விட்டாங்க. திரும்ப மஞ்சள். முதல் இருந்ததைவிட வடிவான மஞ்சள். கடதாசி மட்டும் அப்பளம் போடுற மா மாதிரி ஊறிப்போச்சு.

"காய வைக்கோணும்," எண்டு மாமி அயன்பொக்ஸை வைச்சா. ஒரு மூலை கருகிக் கபிலமாகிப் புகைஞ்சுது. மூண்டு பேரும் ஊதினாங்க.

அஜின்கோர்ட் எண்ட இடத்தில சத்தியக் கடதாசி எழுதுற நொத்தாரிசு தியாகலிங்கம் அங்கிள் கடதாசியை மணந்து பார்த்தார்.

"மஞ்சள், சிவப்பு, மஞ்சள், கபிலம். நிறத்துக்கு ஒரு சத்தியமா எழுதவோ, மொத்தமா எழுதவோ தங்கச்சி?"

"மொத்தமா எழுதுங்க அண்ணை," எண்டா அம்மா.

"அப்ப இந்த ஓட்டை?"

"பூச்சி," எண்டாள் ரஞ்சி.

"நேர்கோட்டில கடிக்கிற பூச்சியோ பிள்ளை?"

ரஞ்சி நிலத்தைப் பார்த்தாள். அங்கிள் ஓட்டைக்கு இடம் விட்டுட்டு மிச்சத்தை எழுதினார்.

அண்டைக்கு முழுக்க அவளுக்குச் சோறு இறங்கல்ல. மறியல் கம்பி, அம்மாட சூட்கேஸ், வாசலில விற்பனைப் பலகை எண்டு ஒண்டுக்குப் பின்னால ஒண்டு கண்ணுக்கு முன்னால வந்தது. வீடு போனா அது அவள் ஒரு பின்னைக் கழட்டினதால போன வீடு.

அடுத்த நாள் கவுண்டரில மூண்டு பேரும் வரிசையா நிண்டாங்க. கிளடிஸ் மரணசாதனத்தை ரெண்டு விரலால தூக்கினா. தேசிக்காய் மணத்தது.

"ஓட்டைக்கு ஒண்டும் எழுதல்லயே?"

"நான்தான் கழட்டினன்!" ரஞ்சி கத்தின கத்தலில பின்னால நிண்ட வக்கீலும் திரும்பினார். "பக்கம் ஒண்டும் மாத்தல்ல! கொப்பி அடிச்சனான்! அம்மாட வீட்டை எடுக்காதீங்க, என்னைப் பிடிங்க!"

அம்மாக்கு விளங்கினது 'அம்மா' மட்டும்தான். அவவும் சேர்ந்து அழுதா. மாமி ரெண்டு பேருக்கும் சேர்த்து அழுதா.

"அழாதீங்க, அழாதீங்க." கிளடிஸ் உள்ள போய் ஒரு தடிச்ச உறையோட வந்தா. "இது நேத்துத்தான் ஆப்பிட்டுது. 'வீரக்குட்டி' எண்டதுக்குக் கீழ கிடந்தது."

"அது அப்பப்பாட பேர்," எண்டாள் ரஞ்சி மூக்கை உறிஞ்சி. "கனடாவில தகப்பன் பேரைக் குடும்பப் பேராக்கி எங்கட பேரைத் தலைகீழாப் போடுவாங்க."

"அதுதான் ஆப்பிடல்ல. உங்கட அப்பா ரெண்டு பிரதியில கையெழுத்து வைச்சு, ஒண்டை எண்பத்தைஞ்சிலயே எங்களிட்டப் பாதுகாப்பாத் தந்திருக்கிறார். கறையில்ல, ஓட்டையில்ல. இது போதும், வீடு அம்மாக்குத்தான்."

ரஞ்சி உடனே அதை அம்மாக்குத் தமிழில சொன்னாள்.

"ஆனா உறைக்கு மேல அவர் இங்கிலிஷில எழுதினதிட அர்த்தம்தான் இங்க ஒருத்தருக்கும் விளங்கல்ல," எண்டு கிளடிஸ் கண்ணாடியை ஏத்திக்கொண்டு வாசிச்சா: "'வீட்டில வைக்க ஏலாது. தங்கச்சி மஞ்சள் பூசுவா, மகள் பின் கழட்டுவாள், பொஞ்சாதி கழுவுவா.'"