மோப்பம் பார்த்த விமானம்

மோப்பம் என்று ஊரே பட்டப்பேர் வைத்திருக்கும் அண்ணாத்தையைக் கடவுள் படைத்தபோது மூக்கை மட்டும் ஆற அமரச் செய்துவிட்டு, மிச்சம் மீதியை வைத்து ஆளை ஒப்பேற்றிவிட்டார் என்பது என் நெடுநாள் அபிப்பிராயம். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை பழைய கார் வாங்குகிறவர்கள் மோப்பத்தைத்தான் கூப்பிடுவார்கள். கதவைத் திறந்து, கால்மிதியைத் தூக்கி, குப்புறப் படுத்து முகர்ந்து பார்ப்பார். வெள்ளத்தில் மூழ்கிய கார் என்றால் எத்தனை மாதம் காயவைத்திருந்தாலும் தப்பாது. எந்தத் தெருவில் மூழ்கியது என்றுகூடச் சொல்வார். அதை மட்டும் யாரும் சரிபார்த்ததில்லை.

நான் மறைமலைநகரில் கார்க் கதவுக்குக் கைப்பிடி செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எங்கள் முதலாளி தன் முதல் டெம்போவையே மோப்பம் தலையாட்டிய பிறகு வாங்கியவர். போன வருஷம் அவருக்கு ஆறு பேர் உட்காரும் பழைய ஜெட் விமானம் ஒன்றின் மேல் ஆசை வந்தது. அதையும் மோப்பம் பார்த்தால்தான் ஆச்சு என்று அடம்பிடித்தார்.

மோப்பம் விமானத்தில் ஏறியதே கிடையாது. வாங்கும் முன் ட்ரையல் உண்டு, உங்களுக்கும் ஒரு சீட் என்று முதலாளி சொன்னதும் மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. மாமல்லபுரத்தில் தான் குடியிருக்கும் தெரு முழுக்கத் தண்டோரா போடாத குறை. ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்குக் கடலுக்கு மேலே வருவேன், எல்லாரும் கை காட்டுங்கள் என்று உத்தரவு. விமானம் எந்தப் பக்கம் போகும் என்று விமானியை யாரும் கேட்கவில்லை.

அன்று மதியம் முதலாளியோடு நானும் மோப்பமும் மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குப் போனோம். முதலாளியின் ஏழு வயது மகளும் கூலிங்கிளாஸோடு வந்திருந்தாள். மோப்பம் புதுச் சட்டை போட்டு, வாந்திக்கு எலுமிச்சம்பழம் வைத்திருந்தார். விற்பவரின் எஞ்சினியர் ஆங்கிலத்தில் விளக்க விளக்க, இவர் சக்கரத்தை ஒரு உதை உதைத்தார்.

"எத்தினி கிலோமீட்டர் ஓடிகீது?"

விமானத்துக்குக் கிலோமீட்டர் கிடையாது, பறந்த மணிக்கணக்குதான் என்றார் எஞ்சினியர். மோப்பம் என் காதருகே குனிந்தார். "மீட்டரத் திருப்புறவன் கடியாரத்தத் திருப்ப மாட்டானா நைனா?"

உள்ளே போய்க் கம்பளத்தைத் தூக்கச் சொன்னார். பேப்பரெல்லாம் சுத்தம் என்று எஞ்சினியர் சொல்லிப் பார்த்தார். மோப்பம் கேட்கிற ஆளா? புதுச் சட்டையோடு குப்புறப் படுத்துவிட்டார். காபி போடும் மேடைக்குப் பக்கத்து சீட்டுக்கு அடியில் மூக்கு நின்றது. எழுந்து சீட்டைப் பிடித்து ஆட்டினார். விழப்போகிற பல் மாதிரி ஆடியது.

"காபி மேடைலேர்ந்து தண்ணி எறங்கி கீது. சீட்டப் புடிச்சிகினு கீற கம்பி அரிச்சிப் போச்சு. வேணாம் மொதலாளி."

எஞ்சினியர் டார்ச் அடித்துப் பார்த்தார். அடுத்த நிமிஷம் அவரே விமானிக்குப் போன் போட்டு, வரவேண்டாம் என்றார். ட்ரையல் ரத்து. ஆசை கெட்ட கடுப்பில் முதலாளி மகளைக் கூட்டிக்கொண்டு காரில் கிளம்பிவிட்டார். எங்களைக் கூப்பிடக்கூட இல்லை. மோப்பத்தைத் தனியாக அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. பஸ்ஸில் கூடவே போனேன்.

திருவிடந்தை தாண்டியதும் கேட்டேவிட்டேன். "ஒரு ரவுண்டு போயிட்டு வந்து சொல்லியிருக்கலாமே அண்ணாத்த?"

"பாப்பா அந்த சீட்டுலதான் குந்துவேன்னு சொல்லிகினு இருந்துச்சு" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தெருவே கடற்கரையில் அண்ணாந்து நின்றது. இவர் நடந்து வருவதைப் பார்த்துவிட்டு, இன்னா ஆச்சு என்று சூழ்ந்துகொண்டார்கள். வேண்டாம் என்று தள்ளிய வண்டியைப் பற்றி வெளியே வாய் திறப்பது அவர் தொழிலில் வழக்கமில்லை.

"பயமா இருந்திச்சி. எறங்கிட்டேன்" என்றார்.

தெரு விழுந்து விழுந்து சிரித்தது. அவர் சம்சாரமும் சிரித்தார். நான் வாயைத் திறக்கப் போனேன்; மோப்பம் என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். இன்றைக்கும் அந்தத் தெருவில் விமானச் சத்தம் கேட்டால் யாராவது அவரைக் கூப்பிட்டுக் கிண்டல் செய்கிறார்களாம். எனக்கு ஆத்திரமாக வருகிறது. அந்தத் தெருக்காரர் யாராவது இதைப் படித்தால், நாளைக் காலையில் அவரைப் பார்க்கும்போது சிரிக்காமல் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். காசு நான் தருகிறேன்.