நாலாம் விடை அக்கா

கல்யாணப் பத்திரிகையைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் படித்துவிட்டு, "இதுல கல்யாணம் நடக்கும்னு எங்க சொல்லியிருக்கு?" என்று கேட்கக்கூடிய பெண் இந்த உலகத்தில் ஒருத்திதான். அவள் இலங்கை மலைநாட்டில், ஹட்டனில் இருக்கிறாள். பத்திரிகை கொடுக்க வந்தவர் நாங்கள் வாடகைக்குத் தங்கியிருந்த போடிங் வீட்டுக்காரம்மாவின் தம்பி, பெண்ணைப் பெற்றவர். மனிதர் ஆடிப்போய்விட்டார். "தேதி, நேரம், கோயிலு எல்லாம் போட்டிருக்கேனேம்மா" என்றார். "நடத்தப் போறதாப் போட்டிருக்கீங்க. நடத்தப் போறது வேற, நடக்கிறது வேற" என்றாள் அக்கா. அந்தக் கல்யாணம் நல்லபடியாகவே நடந்தது. ஆனால் தாலி ஏறும்வரை அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று கேள்வி.

அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஹட்டனில் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, எல்லோருக்கும் அவள் நாலாம் விடை அக்கா. அரசாங்க வேலைக்கான போட்டிப் பரீட்சைகளில் ஒரு பேப்பர் வரும். ஐந்தாறு வரியில் ஒரு பந்தியைக் கொடுத்து, அதிலிருந்து எந்த முடிவுக்கு வரலாம் என்று கேட்பார்கள். கீழே நாலு விடை. நாலாவது பெரும்பாலும் 'தரப்பட்ட தகவல்களைக் கொண்டு முடிவு செய்ய முடியாது' என்றிருக்கும். எல்லோரும் அதைப் பரீட்சை மண்டபத்தோடு விட்டுவிடுவார்கள். அக்கா வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டாள். மழை விடுமா அக்கா? நாலாம் விடை. பஸ் வருமா? நாலாம் விடை. இன்றைக்கு வீட்டுக்காரம்மா வைத்தது பருப்பா, சாம்பாரா? ஒரு வாய் ருசித்துப் பார்த்துவிட்டு, நாலாம் விடை.

அவள் வேலை செய்தது பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த போட்டோகொப்பி கடையில். மலைநாட்டில் யார் எந்தப் பரீட்சை எழுதினாலும் பழைய பேப்பர்கள் அவள் கைபட்டுத்தான் போகும். மை படிந்து வீணாகிற தாள்களை எறியாமல் கொண்டு வந்து கட்டிலுக்கு அடியில் அடுக்குவாள். நான் மஸ்கெலியாப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து ஹட்டனில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்றேன். இரண்டு பேருக்கும் ஒரே அறை. அவள் கட்டிலின் கீழே குனிந்து செருப்பைத் தேடினால் வினாத்தாள்தான் கையில் வரும்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நான் பயந்தாங்கொள்ளி. அம்மா தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு போன் பண்ணுவாள். ஏழே கால் ஆகிவிட்டால் போதும், தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளுக்கு மேலே இருக்கிற மண்மேடு சரிந்துவிட்டது என்று முடிவு கட்டி, யார் யாரைத் தோண்டி எடுத்தார்கள் என்பது வரைக்கும் மனதுக்குள் பார்த்துவிடுவேன்.

"அம்மா இன்னும் கூப்பிடல. இதுதான் பந்தி," என்பாள் அக்கா. "மண்மேடு எங்கருந்து வந்துச்சு?"

"மனசுலருந்துக்கா."

"மனசு பந்தியில இல்ல. வெட்டு."

நானும் மனதுக்குள் ஒரு கோடு போட்டு வெட்டுவேன். ஏழரைக்கு அம்மா கூப்பிட்டு, போனில் சார்ஜ் இல்லை என்று சொல்லுவாள்.

இப்படிப்பட்டவளுக்குக் கல்யாணம் ஆகாததில் ஆச்சரியம் இல்லை. ஒருமுறை கொட்டகலையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். "எங்க மாப்பிள்ள குடிக்க மாட்டாருன்னு ஊரே சொல்லும்" என்றார் மாப்பிள்ளையின் மாமா. தேத்தண்ணீர்த் தட்டோடு நின்ற அக்கா, "ஊரு சொல்லும்னு சொன்னீங்க சரி. நீங்க சொல்லலியே?" என்று கேட்டாள். மாமா மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை மிக்சர் தட்டைப் பார்த்தார். பிறகு யாரும் யாரையும் பார்க்கவில்லை, எழுந்து போய்விட்டார்கள்.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே ஆசைதான், ஆசிரியர் நியமனம். அதற்கான போட்டிப் பரீட்சையை அக்கா அதற்கு முன்பே மூன்று தடவை எழுதியிருந்தாள். முதல் தடவை பதினான்காம் கேள்விக்குச் சரியான விடையே இல்லை என்று மேற்பார்வையாளரோடு வாதாடி நேரம் போனது. இரண்டாம் தடவை ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் காரணம் எழுதினாள். யாரும் கேட்கவில்லை, சரியான விடைக்கு நேரே புள்ளடிக் குறி போட்டால் போதும். மூன்றாம் தடவை காரணத்தைப் பாதிக் கேள்விக்கு மட்டும் எழுதினாள். நாலாம் தடவை என்னோடு உட்கார்ந்தாள். அதற்குமேல் வயசெல்லை தாண்டிவிடும். இதை விட்டால் அவளுக்கு இன்னொரு பரீட்சை கிடையாது.

"இந்தத் தடவ காரணம் எழுத மாட்டேன்" என்று பிள்ளையார் படத்துக்கு முன்னால் சத்தியம் செய்தாள். அவள் வாயைக் கட்டிக்கொண்டு எழுதினால் முதல் இடமே வருவாள் என்று எனக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சி. ஒருநாள் ஒரு பந்தி கொடுத்தாள். 'ஒரு தேயிலைத் தோட்டத்தில் மழை பெய்தால் கொழுந்து அதிகம் கிடைக்கும். திங்கட்கிழமை கொழுந்து அதிகம் கிடைத்தது.' திங்கட்கிழமை மழை பெய்ததா?

"மழ இல்லக்கா" என்றேன் நான், தோட்டத்துக்காரி என்கிற திமிரில். "ஞாயித்துக்கெழம யாரும் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போக மாட்டாங்க. ரெண்டு நாள் கொழுந்து சேந்து நிக்கும். திங்கக்கெழம எப்பவும் கூடத்தான் வரும்."

"பந்தியில இருக்கிற தோட்டத்துல ஞாயித்துக்கெழம லீவுன்னு யாரு சொன்னா?"

"எல்லாத் தோட்டத்துலயும் அப்படித்தானேக்கா!"

"எல்லாத் தோட்டத்தையும் கேக்கல. இந்தத் தோட்டத்தக் கேக்குறாங்க. மழயினாலயும் இருக்கலாம், வேற எதனாலயும் இருக்கலாம். ஒனக்கு எப்பிடித் தெரியும்?" தாளை என் மடியில் போட்டாள். "நம்ம புள்ளைங்க பாதிப் பேரு இதுலதான் விழுறாங்க. தேயிலன்னு பாத்த ஒடன அம்மா பேசுனது, கங்காணி பேசுனது எல்லாத்தையும் எழுதிட்டு வந்துர்றாங்க. செருப்பக் கழட்டி வைக்கிற மாதிரி தோட்டத்தையும் வெளியில கழட்டி வச்சிட்டு உள்ள போ புள்ள."

பரீட்சை ஒரு சனிக்கிழமை, ஹட்டனிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில். அன்று காலையில் அக்காவின் பையைப் பார்த்தேன். ஐந்து பென்சில், ஐந்தையும் இரண்டு பக்கமும் சீவியிருந்தாள். எதற்கும் கலங்காதவள் என்று நான் நினைத்தவள், பஸ் நிலையத்தைத் தாண்டும்போது அனுமதி அட்டை இருக்கிறதா என்று மூன்று தரம் பையைத் திறந்தாள்.

முதல் பேப்பர் பொது அறிவு. முடிந்ததும் அரை மணி இடைவேளை. அடுத்தது பந்தி பேப்பர், அக்காவுடைய பேப்பர். வெளியே வந்து போனைத் திறந்து பார்த்தேன். தம்பியிடமிருந்து ஒரு மெசேஜ், வந்து இரண்டு மணி நேரமாகியிருந்தது.

'அம்மாவ மஸ்கெலியா ஆஸ்பத்திரிக்கு கொண்டு போறோம். பயப்படாத. நீ பரீச்சைய எழுது.'

தம்பிக்கு போன் அடித்தேன். தொடர்பில்லை. திரும்ப அடித்தேன். நடக்கிறவளைக் கூட்டிக்கொண்டு போவார்கள், கொண்டு போவார்களா? இரண்டு மணி நேரமாக இன்னொரு மெசேஜ் இல்லையே, ஏன்? யாருக்கும் அதை எழுதக் கை வரவில்லை, அதனால்தான். மண்மேடா, நெஞ்சுவலியா என்பதில் மட்டும்தான் எனக்குச் சந்தேகம் இருந்தது. அக்கா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"ஆஸ்பத்திரிக்கு எதுக்குக் கொண்டு போவாங்க?"

"சாகுறதுக்கு."

"வைத்தியம் பாக்க. அம்மா செத்துட்டாங்கன்னு இதுல எந்த வரியில இருக்கு? காட்டு."

"பயப்படாதன்னு எழுதியிருக்கானே! பயப்பட ஒண்ணும் இல்லன்னா ஏன்க்கா அப்பிடி எழுதுறான்?"

அக்கா மெசேஜை இன்னொரு தடவை படித்தாள். "இது சரியான அனுமானந்தான்" என்றாள் மெதுவாக. அவளே ஒப்புக்கொண்டதும் நான் பஸ் நிலையத்துக்கு ஓடத் திரும்பினேன். உடனே, "ஆனா எவ்வளவு பயம்னு இதுல இல்ல" என்று சேர்த்துக்கொண்டாள். பிறகு சம்பந்தமில்லாமல் கேட்டாள்: "அம்மா பேரு என்னா? தம்பி பேரு?"

"எதுக்குக்கா?"

"சொல்லு."

சொன்னேன். ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டாள், இரண்டு பக்கமும் சீவிய பென்சிலால். மணி அடித்தது. "போ. உள்ள போய் எழுது. நான் இருக்கேன்" என்று போனைக் கையில் திணித்து, முதுகில் கை வைத்துத் தள்ளினாள். எங்கள் பரீட்சைச் சுட்டெண்கள் தூரம் தூரம், அவளுக்கு வேறு மண்டபம். அங்கேதான் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

அந்தப் பேப்பரை எப்படி எழுதினேன் என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு பந்திக்குள்ளும் அம்மா வந்து படுத்துக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் கோடு போட்டு வெட்டிவிட்டு, இருக்கிற வரியை மட்டும் படித்தேன். அழுத்திப் புள்ளடி போட்டதில் பென்சில் முனை இரண்டு தரம் உடைந்தது.

வெளியே வந்தபோது அக்காவைக் காணவில்லை. போனில் அவளுடைய மெசேஜ் இருந்தது.

'குளவி. பதினோரு இடத்துல கொட்டியிருக்கு. மூச்சு சரி. ஊசி போட்டாச்சு. பேசுறாங்க. நிறையப் பேசுறாங்க.'

அப்படியே படியில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்த பிறகுதான் மெசேஜ் வந்த நேரத்தைப் பார்த்தேன். இரண்டு மணி நேரப் பேப்பர் முடிய இன்னும் கால் மணி இருந்தபோது அனுப்பியிருக்கிறாள். மஸ்கெலியாவுக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம் வேண்டும். மலை யாத்திரைக் காலம், வழியெல்லாம் வாகனம். அப்படியானால் அவள் மண்டபத்துக்குள் போகவே இல்லை. மெசேஜில் அது ஒரு வரிகூட இல்லை. அன்று இரண்டாம் தடவையாக நான் ஒன்றைச் சரியாக அனுமானித்தேன், அது தப்பாக இருக்கக் கூடாதா என்று தவித்தேன்.

அடுத்த பஸ் பிடித்து நான் போய்ச் சேர்ந்தபோது, ஆஸ்பத்திரியில் அம்மாவின் முகம் பூசணிக்காயாக வீங்கி, இரண்டு கண்ணும் மூடியிருந்தது. வாய் மட்டும் நன்றாக வேலை செய்தது. பக்கத்தில் அக்கா விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். சார்ஜ் தீர்ந்த போனோடு தம்பி வாசலில் நின்றான். நடந்ததை, அம்மாவோடு கூட வந்திருந்த சித்தி சொன்னாள். அக்கா வந்து கையைத் தொட்டதும் அம்மா அவளை நான் என்று நினைத்துவிட்டாளாம்.

"ஏன்டி வந்த? பரீச்சைய விட்டுட்டு ஏன்டி வந்த பாவி!" என்று கத்தியிருக்கிறாள்.

"நான் மக இல்லம்மா. ஒங்க மக எழுதிக்கிட்டு இருக்கா."

"பொய் சொல்லாத! பரீச்சைய விட்டுட்டு இம்புட்டுத் தூரம் என் மகள விட்டா வேற எவ வருவா?"

சித்தி சொல்லச் சொல்ல அக்கா தலை குனிந்துகொண்டாள். நாலு விடையில் எதையும் அம்மாவிடம் அவளால் சொல்ல முடியவில்லையாம்.

நோயாளிகளைப் பார்க்கும் நேரம் முடிந்தது. சித்தி துணைக்கு நின்றாள். காலையில் வீட்டுக்கு விட்டுவிடுவார்கள், நீங்க போங்க என்று அம்மா எங்களைத் துரத்தினாள். யாத்திரை மலையின் அடிவாரமான நல்லதண்ணியிலிருந்து வந்த பஸ்ஸில் மலையேறி இறங்கியவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு எப்படியோ ஒரு இருக்கை கிடைத்தது.

"ஏன்க்கா இப்பிடிப் பண்ணீங்க? ஒங்களுக்கு இதுதானே கடைசி?"

"தகவல் பத்தல" என்றாள், வெளியே பார்த்துக்கொண்டு. "நீ எழுதணும். நான் போகாட்டி வேற யாரு எடுத்துத் தர்றது?"

எனக்கு அந்தப் பரீட்சை சரிவந்தது. இன்று ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். அக்கா அதே போட்டோகொப்பி கடையில்தான் இருக்கிறாள். இதற்குமேல் இதைப் பற்றி எழுதினால் என்னால் முடிக்க முடியாது. பஸ்ஸுக்கே போவோம்.

கொஞ்ச தூரம் போனதும் அக்கா திரும்பினாள். "மொதக் கேள்வி என்னா வந்துச்சு? சொல்லு."

வினாத்தாளை மண்டபத்திலேயே வாங்கிக்கொண்டார்கள். நினைவில் இருந்ததைச் சொன்னேன். 'ஒரு ஊரில் பஸ் தாமதமானால் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகிறார்கள். இன்று ஒரு பிள்ளையும் தாமதமாகவில்லை.'

"அப்ப இன்னிக்கு பஸ் லேட்டாகல" என்றாள் பட்டென்று.

"எந்த ஊருல தங்கச்சி, பஸ் லேட்டாகாத ஊரு?" என்று முன் இருக்கைக்காரர் தூக்கத்திலிருந்து எழுந்து கேட்டார். "புள்ளைங்க நடந்து போயிருக்கும்" என்றாள் லீக்ஸ் காய்கறி மூட்டையோடு நின்ற ஒரு அம்மா. "இஸ்ஸரஹட்ட, இஸ்ஸரஹட்ட" என்று சிங்களத்தில் சொல்லி எல்லோரையும் முன்னால் நெருக்கிக்கொண்டு வந்த கண்டக்டர், "என்னா, பஸ்ஸப் பத்திக் கம்ப்ளெயிண்டா?" என்றார். அக்கா எழுந்து நின்று மூன்று பேருக்கும் பந்தியில் இருப்பது என்ன, இல்லாதது என்ன என்று விளக்கினாள். கண்டக்டர் டிக்கட் கொடுக்க மறந்துபோனார்.

அப்படியே போனது. நான் சொல்லச் சொல்ல, தயங்காமல் விடை சொல்லிக்கொண்டு வந்தாள். அந்த முதல் கேள்விக்குப் பிறகு காரணம் ஒன்றுகூடச் சொல்லவில்லை, சத்தியத்தைக் காப்பாற்றினாள். ஒன்றுகூடத் தப்பில்லை. நான் எழுதியதில்தான் நாலைந்து தப்பு என்று தெரிந்தது.

வழியில் நோர்வுட் தாண்டியதும் எனக்கு நினைவிருந்த கேள்விகள் தீர்ந்துவிட்டன. "அடுத்தது?" என்றாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். தீர்ந்துபோச்சு என்று சொல்ல மனம் வரவில்லை. நானே பந்தி கட்டிச் சொல்லத் தொடங்கினேன். ஹட்டன் வரும்வரை கட்டினேன். என் பந்திகள் நொண்டியடித்ததை அவள் கவனிக்காமல் இருந்திருக்க முடியாது, ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் மரியாதையாக விடை சொன்னாள்.

பஸ் நிலையத்து வெளிச்சம் தெரிந்ததும் கடைசியாக ஒன்று சொன்னேன். 'ஒருத்தி தன்னுடைய கடைசிப் பரீட்சையை விட்டுவிட்டு, முன்பின் பார்க்காத ஒரு அம்மாவைப் பார்க்கப் போகிறாள். இதிலிருந்து எந்த முடிவுக்கு வரலாம்?'

அக்கா முழுசாக என் பக்கம் திரும்பினாள். "வெடைங்களச் சொல்லு" என்றாள்.

ஒரே ஒரு விடைதான் இருந்தது. அன்று அதைச் சொல்லாமல் அவள் கையை மட்டும் பிடித்துக்கொண்டேன். நேரில் சொன்னால் வரிக்கு வரி வெட்டிவிடுவாள் என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன்: அக்கா, உங்களுக்கு நான் என்றால் உயிர். எனக்கும் அப்படித்தான்.